முன்சக்கரம் தரையை விட்டு எழும்போது
வீலிங் பழகும் இளைஞர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் ஒரு விளக்கம்

எலும்பு முறிவுப் பிரிவின் வெளியே காத்திருக்கும் பெற்றோர் எங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பையன் பள்ளத்தில் விட்டுவிட்டேன் என்கிறான். கூட இருந்த நண்பர்கள் வீலிங் செய்தான் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன, டாக்டர்? அதனால் இவ்வளவு அடி படுமா?”

மகன் உண்மையை மறைப்பதற்குக் காரணம் அச்சம். பெற்றோர் தயங்கிக் கேட்பதற்குக் காரணம் வெட்கம். இரண்டுக்கும் மருத்துவமனையில் இடமில்லை. விபத்து எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிந்தால்தான் எந்த உறுப்பில் எவ்வகைக் காயத்தைத் தேட வேண்டும் என்பதை மருத்துவர் விரைந்து முடிவு செய்ய இயலும். எனவே வீலிங் என்பது என்ன, புதிதாகப் பழகுபவர் ஏன் விழுகிறார், விழுந்தால் உடலில் என்ன நேர்கிறது, குடும்பத்தார் செய்ய வேண்டியது யாது என்பனவற்றை இக்கட்டுரை முறையாக விளக்குகிறது.

வீலிங் என்பது யாது?

ஓடும் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திப் பின்சக்கரத்தின் மீது மட்டும் ஓட்டுவதே வீலிங். வண்டியின் எடையும் ஓட்டுபவரின் எடையும் சேர்ந்து ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளியை எடைமையம் என்கிறோம். ஸ்போர்ட்ஸ் பைக்கின் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 1.4 மீட்டர். அதன் நடுப்பகுதியில், ஓட்டுபவரின் முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே எடைமையம் அமைந்திருக்கும். எஞ்சின் பின்சக்கரத்தை வேகமாக முன்தள்ளும்போது அந்த எடைமையம் பின்தங்க முயல்கிறது. தள்ளுவிசை போதிய அளவு மிகுந்தால் முன்பகுதி எழுகிறது.

இதனைச் செய்ய இரு வழிகள் உள்ளன. முதல் கியரில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்குவது ஒன்று. கிளட்சைப் பிடித்து எஞ்சினின் சுழற்சியை உயர்த்தி, பின்பு கிளட்சை வேகமாக விடுவது மற்றொன்று. ஆற்றல் குறைந்த 150 சிசி வண்டிகளில் இரண்டாவது முறையையே பலரும் கையாள்கின்றனர். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் முன்சக்கரத்தை உயர்த்துவது இவ்வித்தையின் மிகச் சிறிய பகுதியே. உயர்ந்ததை அளவோடு நிறுத்துவதும் நேராக இறக்குவதுமே கடினமான பகுதிகள். பழகுபவர் பெரும்பாலும் முதற்பகுதியை மட்டும் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறார்.

புதிதாகப் பழகுபவர் ஏன் விழுகிறார்?

முதற் காரணம், எடைமையத்தின் இயல்பு. முன்சக்கரம் உயர உயர, எடைமையம் பின்சக்கரத்துக்கு நேர் மேலாக நகர்ந்து செல்கிறது. அவ்வாறு நகரும்போது, வண்டியை மேலும் உயர்த்தத் தேவைப்படும் விசை குறைந்துகொண்டே வருகிறது. அதாவது, சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பிய அதே முறுக்கைக் குறைக்காமல் வைத்திருந்தால், வண்டி மேலும் மேலும் வேகமாக எழும். ஏறத்தாழ 45 முதல் 50 பாகை சாய்வில் எடைமையம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்கு மேல் ஒரு சிறு அளவு சென்றாலும் வண்டியின் சொந்த எடையே அதனைப் பின்புறம் கவிழ்க்கும். ஏணியைச் சுவரில் நிமிர்த்தும்போது தொடக்கத்தில் மிகவும் கனக்கிறது. நிமிர்ந்தபின் ஒரு விரலால் தள்ளினாலும் மறுபுறம் சாய்கிறது அல்லவா? அதே விதிதான் இங்கும்.

இரண்டாவது காரணம், நம் உடலின் அனிச்சைச் செயல். முன்பகுதி எதிர்பாராமல் எழும்போது ஓட்டுபவரின் உடல் பின்னோக்கிச் சரிகிறது. சரியும்போது கை எதையாவது இறுகப் பற்ற முனைகிறது. வலக்கை பற்றியிருப்பதோ ஆக்சிலரேட்டர். உடல் பின்னால் போகப் போக மணிக்கட்டு கீழிறங்கி ஆக்சிலரேட்டர் மேலும் முறுகுகிறது. விட வேண்டும் என்று மூளை எண்ணும் நேரத்தில் கை அதற்கு நேர் எதிரானதைச் செய்துகொண்டிருக்கிறது. “நான் முறுக்கவே இல்லை, டாக்டர், வண்டி தானாகத் தூக்கிவிட்டது” என்று இளைஞர்கள் கூறுவது பொய்யன்று. அவர்கள் அறியாமலேயே அது நிகழ்ந்திருக்கிறது.

மூன்றாவது, பின்பிரேக். எழுந்த முன்பகுதியை உடனே இறக்கும் கருவி வலக்காலின் கீழுள்ள பின்பிரேக் ஒன்றே. முறையாகப் பயில்பவர்கள் சக்கரத்தை உயர்த்தும் முன்பே பின்பிரேக்கை மிதிக்கும் பழக்கத்தைப் பலமுறை பயின்று, அதனை அனிச்சைச் செயலாகவே மாற்றிக்கொள்கிறார்கள். சாலையில் தாமாகப் பழகுபவருக்கோ அச்சத்தில் கால் பிரேக்கை விட்டு விலகித் தரையைத் தேடுகிறது.

நான்காவது, இறங்கும்போது நேரும் தவறு. முன்சக்கரம் காற்றில் இருக்கையில் கைப்பிடி சிறிது திரும்பியிருந்தாலும், தரையைத் தொட்ட கணத்தில் வண்டி இடமும் வலமுமாக உதறும். அவ்வுதறலில் ஓட்டுபவர் பக்கவாட்டில் தூக்கி எறியப்படுகிறார்.

சக்கரம் மேலே இருக்கும் நேரம் முழுவதும் மூன்று பாதுகாப்புகள் இல்லாமற்போகின்றன என்பதையும் அறிய வேண்டும். முன்சக்கரம் தரையில் இல்லாததால் வண்டியைத் திருப்ப இயலாது. வழக்கமான பிரேக் பிடிப்பின் பெரும்பங்கை ஏற்கும் முன்பிரேக் பயனற்றுப் போகிறது. வண்டியின் முகப்பே கண்ணை மறைப்பதால் நேர் முன்னே உள்ள சாலை தெரியாது; இரவெனில் முகப்பு விளக்கு வானத்தை நோக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறோம். அந்த 14 மீட்டரில் ஒரு நாய், ஒரு மிதிவண்டி, அம்மா மண்டபத்தில் நீராடிவிட்டு ஈரப்புடவையுடன் சாலையைக் கடக்கும் ஒரு மூதாட்டி, யார் வேண்டுமானாலும் இருக்கலாம்.

விலையுயர்ந்த சில வண்டிகளில் முன்சக்கரம் எழுவதை உணர்ந்து எஞ்சினின் ஆற்றலைக் குறைக்கும் மின்னணு அமைப்பு உண்டு. நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஓட்டும் 150 முதல் 200 சிசி வண்டிகளில் அஃது இருப்பதில்லை. இருக்கும் வண்டிகளிலும் வீலிங் செய்ய விரும்புவோர் முதலில் அணைத்து வைப்பது அதனைத்தான்.

உடலில் என்ன நேர்கிறது?

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் உடல் ஒரு சுவரில் மோதி நின்றால், அது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுந்ததற்கு ஒப்பாகும். சாலையில் சறுக்கிச் செல்லும்போது இவ்வாற்றலின் ஒரு பகுதி உராய்வில் கழிகிறது. தோல் உரிவது அதனால்தான். மின்கம்பத்திலோ சாலை நடுத்தடுப்பிலோ மோதினால் முழு ஆற்றலையும் உடலே ஏற்க வேண்டும்.

பின்புறம் கவிழ்ந்து விழுபவருக்கு முதலில் தரையைத் தொடுவது இடுப்பின் பின்பகுதி. வால் எலும்பும் அதன் மேலுள்ள திரிக எலும்பும் முறியலாம். அவ்வதிர்ச்சி மேலேறி, மார்பு முதுகெலும்பும் இடுப்பு முதுகெலும்பும் கூடும் இடத்தில் எலும்பை நொறுக்கலாம். நொறுங்கிய துண்டு தண்டுவடத்தை அழுத்தினால் கால்களின் இயக்கமும் சிறுநீர், மலக் கட்டுப்பாடும் பாதிக்கப்படும். அடுத்துத் தரையில் மோதுவது தலையின் பின்புறம். பின்புறம் அடிபட்டாலும், மூளை மண்டையோட்டுக்குள் அசைந்து அதன் முன்பகுதியும் காயமுறக்கூடும். முன்பகுதி மூளை நிதானம், பொறுமை, முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றுக்கு உரியது. காயம் ஆறியபின் “மகன் முன்போல் இல்லை, சிறு சொல்லுக்கும் சினம் கொள்கிறான்” என்று குடும்பத்தார் வருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அது பிள்ளையின் குணக்கேடு அன்று, காயத்தின் விளைவு. சிகிச்சையின் ஒரு பகுதியாக அதனையும் எங்களிடம் கூற வேண்டும்.

கையை ஊன்றி விழுபவருக்கு மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறிகின்றன. மணிக்கட்டிலுள்ள படகெலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆதலால் வலி தொடர்ந்தால் பத்து, பதினான்கு நாள்களுக்குப்பின் மீண்டும் காட்ட வேண்டும். வண்டி கால்மேல் விழுந்தால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரக்கூடும். இத்தகைய திறந்த முறிவில் மண்ணும் கிருமியும் எலும்புவரை செல்வதால், நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்தை விரைவாகத் தொடங்குவது மிகவும் இன்றியமையாதது.

இருசக்கர வாகன விபத்துகளில் நாங்கள் மிகவும் அஞ்சும் காயம் ஒன்று வெளியே தெரிவதேயில்லை. தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபட விழும்போது, கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கொத்து அறுபடுகிறது. எலும்பு முறிவதில்லை, பெரிய காயமும் இருப்பதில்லை. ஆனால் கை துவண்டு தொங்குகிறது. நரம்பு மாற்று அறுவைச் சிகிச்சையால் ஓரளவு இயக்கத்தை மீட்கலாம். அதனைக் காயமுற்ற சில மாதங்களுக்குள் செய்தாக வேண்டும். “தானாகச் சரியாகிவிடும்” என்று காத்திருந்து ஓராண்டு கழித்து வருவோருக்கு அவ்வாய்ப்பு பெரிதும் குறைந்துவிடுகிறது.

விபத்து நிகழ்ந்த இடத்தில் செய்ய வேண்டியவை

1. 108 எண்ணை அழையுங்கள். இடத்தைத் தெளிவாகக் கூறுங்கள்: காவிரிப் பாலத்தின் மாம்பழச்சாலைப் பக்கமா, சிந்தாமணிப் பக்கமா, புறவழிச்சாலையெனில் சென்னை நோக்கியா, மதுரை நோக்கியா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2. மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். மூச்சு இருந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற முயல வேண்டா. முகமூடிக் கண்ணாடியை மட்டும் உயர்த்துங்கள். மூச்சு இல்லையெனில், ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் தாங்கிக்கொள்ள, மற்றொருவர் மெதுவாகக் கழற்ற வேண்டும். பின் உடனே நெஞ்சை அழுத்தும் உயிர்மீட்பு முறையைத் தொடங்க வேண்டும்.

3. எழுப்பி உட்கார வைப்பதும், கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதும் கூடா. முதுகெலும்பு முறிந்திருந்தால் அச்செயலே தண்டுவடத்தைச் சேதப்படுத்தும்.

4. இரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். தூய துணியால் மூடினால் போதும்.

5. தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டா. அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம். நினைவு குன்றியவருக்குப் புரையேறவும் கூடும்.

6. கட்டுப்போடுமிடத்துக்கு அழைத்துச் சென்று மூங்கில் பத்தை வைத்து இறுகக் கட்டுவதைத் தவிருங்கள். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கையையோ காலையோ இழக்க நேரிடலாம்.

உதவி செய்தால் வழக்கில் சிக்க நேருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134அ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவரைப் பாதுகாக்கிறது. தம் பெயரைத் தெரிவிக்குமாறு அவரை வற்புறுத்த இயலாது.

“எனக்கு ஒன்றுமில்லை” என்று எழுந்து நிற்பவரைக் குறித்து ஓர் எச்சரிக்கை. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, சிறிது நேரம் தெளிவாகப் பேசியவர் சில மணி நேரங்களில் மயங்கிவிடக்கூடும். தலையில் அடிபட்டபின் மீண்டும் மீண்டும் வாந்தி, மிகும் தலைவலி, வழக்கத்துக்கு மாறான உறக்கம், குழறிய பேச்சு, ஒரு கை அல்லது காலின் பலவீனம், வலிப்பு, மூக்கு அல்லது காதிலிருந்து தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் நள்ளிரவாயினும் உடனே அழைத்து வாருங்கள். வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று நண்பன் அறையில் படுத்துறங்கும் இளைஞருக்கே இவ்வாபத்து மிகுதி. இதனைப் படிக்கும் நண்பர்கள் நினைவில் கொள்க: இரகசியத்தைக் காப்பது நட்பாயினும், இந்த ஓரிடத்தில் அதனை உடைப்பதே நட்பு.

செலவும் சட்டமும்

தமிழ்நாடு அரசின் “இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48” திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்துக்குள்ளாகும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, ஏழு நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சையும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஆகவே பணம் திரட்டுவதற்காக முதல் மணி நேரத்தை இழக்காதீர்கள்.

அதன்பின் வரும் செலவுகளோ குடும்பத்தின் தோள்மீதுதான் விழுகின்றன. தம் சொந்த அசட்டையால் உயிரிழந்தவரின் வாரிசுகள் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர இயலாது என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் உறுதி செய்தது. வீலிங் செய்து விழுபவரின் குடும்பம் இதனை அறிந்திருப்பது நன்று.

ஆபத்தாக வாகனம் ஓட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. பதினெட்டு வயது நிறையாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், 199அ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. “பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தான், வாங்கிக் கொடுத்தேன்” என்னும் தந்தையர் இதனை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

நாம் கண்ட இரு நிகழ்வுகள்

2023 செப்டம்பர் 17 அன்று, யூடியூப் வழியே பல லட்சம் இளைஞர்களுக்கு அறிமுகமான டி.டி.எஃப். வாசன், காஞ்சிபுரம் அருகே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வீலிங் செய்ய முயன்றபோது தூக்கி எறியப்பட்டுக் கையெலும்பு முறிந்தார். இரு நாள்களில் கைது செய்யப்பட்டார். அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு, 2033 அக்டோபர் வரை ரத்து செய்யப்பட்டது. விலையுயர்ந்த பாதுகாப்பு உடை அணிந்திருந்ததால் அவர் தப்பினார்; அவரைப் பார்த்து இதில் இறங்கும் இளைஞர்களிடம் அத்தகைய உடை இல்லை என்ற கவலையைச் சென்னை உயர் நீதிமன்றம் வெளிப்படுத்தியது. மருத்துவர்களாகிய எங்கள் கவலையும் அதுவே. காணொளியில் ஆட்டம் தெரிகிறது. ஆடையின் விலையும், முன்பு விழுந்த விழுக்காடுகளும் தெரிவதில்லை.

அதே ஆண்டு தீபாவளியின்போது, நம் திருச்சி மாவட்டத்தில் வண்டியின் முன்புறம் வாணவெடிகளைக் கட்டி, அவை வெடிக்க வெடிக்க முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்டிய காட்சி நாடெங்கும் பரவியது. காவல்துறையினர் வழக்குப் பதிந்து கைது செய்தனர். அக்காட்சியைக் கண்டு வியந்தவர்கள் பல லட்சம் பேர் இருக்கலாம். கைதான மகனுக்காகக் காவல் நிலைய வாயிலில் காத்திருப்பதோ ஒரு தாயும் தந்தையும் மட்டுமே.

நாட்டில் 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள். இவற்றில் வீலிங்கால் நிகழ்ந்தவை சிறு பங்காகவே இருக்கலாம். ஆயினும் முற்றிலும் தவிர்த்திருக்கக்கூடிய பங்கு அது.

ஆர்வத்தை என்ன செய்வது?

இளமையின் துணிவு ஒரு நோயன்று. “இனி வண்டியைத் தொட்டால் பார்” என்று சாவியை ஒளித்து வைப்பதால் ஆர்வம் மறைவதில்லை. நண்பனின் வண்டிக்கு மாறிக்கொள்கிறது. அதற்கு முறையான இடம் இருப்பதை அறிந்து மகனிடம் பேசுவது பயன் தரும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயத் தடமும், கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள காரி மோட்டார் ஸ்பீடுவேயும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. அத்தகைய மூடிய தடங்களில் எதிரே பேருந்து வராது. தோலாடையும் முதுகுக் காப்பும் கட்டாயம். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். முதலில் கற்றுத் தரப்படுவது பிரேக்கும் வளைவும்தான். வீலிங் பயிற்றுவிக்கும் வெளிநாட்டுப் பள்ளிகள் சிலவற்றில், முன்பகுதி குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் எழாதவாறு தடுக்கும் சட்டத்தில் வண்டியைப் பொருத்தியே தொடங்குகிறார்கள். வல்லவர்களே இவ்வளவு ஏற்பாட்டுடன் பழகுவதை, ஓயாமரிச் சாலையில் ஒரு சட்டையும் செருப்புமாகப் பழகலாமா என்று கேளுங்கள். மிரட்டலுக்கு இணங்காத இளைஞரும் இக்கேள்வியைச் சிந்திப்பார்.

எந்நிலையிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது தலைக்கவசம். தரமான தலைக்கவசம் இறக்கும் வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காயத்தை ஏறத்தாழ 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு காட்டுகிறது. ஐ.எஸ். 4151 முத்திரை உள்ளதா என்று பாருங்கள். தாடைப் பட்டையை மாட்டாத கவசம் விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் மீண்டும் பயன்படாது.

மீண்டு வரும் நாள்களில்

காலெலும்பு முழுமையாகக் கூட நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை ஆகலாம். தகடு பொருத்தியபின் வலி குறைந்துவிடுவதால் எலும்பு கூடிவிட்டது என்று எண்ண வேண்டா. மீண்டும் வண்டி ஓட்டுவதற்கு முன் எலும்பு கூடியதை எக்ஸ்ரேயில் மருத்துவர் உறுதி செய்திருக்க வேண்டும். பிரேக்கை அழுத்தும் வலிமை கைக்கும் காலுக்கும் திரும்பியிருக்க வேண்டும். உறக்கம் தரும் மருந்துகள் நின்றிருக்க வேண்டும். தலைக்காயத்துக்குப்பின் வலிப்பு வந்தவர் மருத்துவர் ஒப்புதலின்றி ஓட்டவே கூடாது. புகைபிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் நினைவிற்கொள்க.

தண்டுவடக் காயம் அடைந்தவரைப் பேணுவோர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, அழுத்தம் படும் இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என நாள்தோறும் பார்க்க வேண்டும். இரவில் ஒருவரே விழித்திருந்து இதனைச் செய்யும் வீடுகளை நாங்கள் அறிவோம். உறவினர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். பேணுபவர் தளர்ந்தால் நோயாளியும் தளர்வார்.

இந்நிலையில் உள்ளோர்க்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுவது தகும். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராக இருந்த மேரி வர்கீஸ், 1954இல் ஒரு சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே இயக்கத்தை இழந்தார். பின்பு சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் முயற்சியால் உருவாயிற்று. இன்றும் தண்டுவடம் காயமுற்ற பலர் அங்கே மீண்டும் வாழக் கற்கின்றனர். விபத்து அவருடைய வாழ்வை மாற்றியது, முடித்துவிடவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வார்டில் படுத்திருக்கும் மகனிடம் “அன்றே சொன்னேனே” என்று தொடங்காதீர்கள். அவன் அதனை உங்களைவிடப் பன்மடங்கு தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறான். முதலில் காயம் ஆறட்டும். நடக்கத் தொடங்கிய ஒரு மாலையில், அவனே வாய் திறக்கும் நேரத்தில் பேசுங்கள்.

இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எவ்வாறு விழுந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் உள்ளபடி கூறுங்கள். உங்களைக் கண்டிப்பதற்காகக் கேட்கவில்லை. எந்த எலும்பை, எந்த நரம்பைத் தேட வேண்டும் என்று அறியவே கேட்கிறோம். ஐயம் இருப்பின் அடுத்த வருகையின்போது தயங்காமல் கேளுங்கள். குடும்பத்தாரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்க விரும்பினாலும் அதற்கு இடமுண்டு.